ஒரு பட்டை பதநீர்... ஒரு பழைய நகரம்! - சாயர்புரம் முதல் கொற்கை வரை ருசித்தபடி ஒரு நடை

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் ஒரு சுற்றுலா ரொம்பப் பிரபலம். வழிகாட்டி ஒருவர் முன்னால் நடப்பார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். தேவாலயம், சந்தைத் திடல், பழைய பாலம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். நடுநடுவே அந்த ஊரிலேயே காய்ச்சிய பீரை ஒவ்வொரு குவளை ருசி பார்ப்பார்கள். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துக்கு, புகையூட்டிய தானியத்தில் செய்யும் பீர்தான் அடையாளம். அந்தப் பழைய நகரம் 1993 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. செக் நாட்டின் பில்சன் நகரத்தில் பூமிக்கு அடியில் இருக்கும் பழைய சுரங்கப் பாதைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த டிக்கெட்டோடு ஒரு பீருக்கான கூப்பனும் உண்டு.

'கிராஃப்ட் பீர்' என்று இப்போது பெங்களூரு, புதுச்சேரி வரை பேச்சு வந்துவிட்டது. பெரிய தொழிற்சாலையில் ஒரே ருசியில் லட்சக்கணக்கான பாட்டில் நிரப்பாமல், சின்ன அளவில், கைப்பக்குவத்தில் செய்யும் பீரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் ருசி மாறும் என்பதே அதற்கு மவுசு.

இந்த இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு தூத்துக்குடி மாவட்டத்துக்கு வாருங்கள். உள்ளூர்ப் பொருள், சின்ன அளவு, கைப்பக்குவம், நாளுக்கு நாள் மாறும் ருசி... எல்லாம் பொருந்துகிற பானம் ஒன்று இங்கே மரத்தில் தொங்குகிறது. பதநீர்! கூடவே, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்களும் ரோமானியர்களும் அறிந்திருந்த பழைய நகரம் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. கொற்கை!

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். சாயர்புரத்தில் விடியற்காலையில் தொடங்கி, ஏரல் வழியாக மதியத்துக்குள் கொற்கை. கொடி பிடித்து அழைத்துப்போகும் வழிகாட்டி யாரும் எங்களுக்கு இல்லை. சாயர்புரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், பனையேறும் அண்ணாச்சி ஒருவரும்தான் வழிகாட்டிகள்.

செம்மண்ணில் ஓர் ஊர்

தூத்துக்குடியிலிருந்து ஏரல் போகும் பாதையில், சுமார் 20 கிலோமீட்டரில் சாயர்புரம். பேரே கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது, இல்லையா? சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயர் அது. கிறிஸ்தவத்துக்கு மாறிய காரணத்தால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் தவித்த குடும்பங்கள் குடியேறுவதற்காக, 1814-ல் இங்கே நிலம் வாங்க அவர் உதவினார். அந்த நன்றியில் ஊருக்கு அவர் பெயர் வந்தது.

ஆனால், இந்த மண்ணில் மனிதர்கள் நடமாடிய கதை அதைவிட ரொம்பப் பழசு. இங்கெல்லாம் 'தேரி' என்று சொல்லும் சிவந்த மணல்மேடுகள் உண்டு. தொல்லியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பகுதித் தேரிகளில் சின்னஞ்சிறு கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னால் ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் நெல்லைச் சீமையின் தேரிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1956-ல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் சாயர்புரத்துக்கும் இடம் உண்டு. வேட்டையாடிய மனிதன் விரல் நக அளவுக்குக் கல்லைச் செதுக்கிக் கருவியாக்கிய மண் இது. இன்று அதே மண்ணில் பனை நிற்கிறது. மழை குறைவு, நீரோ ஆழத்தில். அப்படிப்பட்ட இடத்திலும் வேரை ஆழமாக இறக்கிப் பிழைத்துக்கொள்ளும் மரம் அது.

முதல் ருசி: விடியற்காலை, மரத்தடி

காலை ஐந்தரை மணி. பனை விளைக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி ஏற்கெனவே நாலைந்து மரம் முடித்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. கால்களில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. சரசரவென்று ஏறுகிறார். நாம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்து முடிப்பதற்குள் உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்.

மேலே அவர் செய்வது என்ன? பனையின் பூம்பாளையை முதலில் சில நாள்கள் மரக்கருவியால் இதமாக நெருக்கிப் பதப்படுத்த வேண்டும். பிறகு அதன் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். சீவிய இடத்தில் சொட்டுச் சொட்டாகச் சாறு வடியும். அதைப் பிடிக்க ஒரு மண் கலயம். காலையிலும் மாலையிலும் சீவ வேண்டும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து, சாறு நின்றுபோகும்.

"ஒரு நாள் ஏறலைன்னா பாளை கோவிச்சுக்கிடும்மா. கல்யாண வீடோ, எழவு வீடோ... ஏறி எறங்கிட்டுத்தான் போவணும். ஞாயித்துக்கிழமைன்னு மரத்துக்குத் தெரியுமா?" என்கிறார் அண்ணாச்சி.

இறக்கிய கலயத்தின் உட்புறம் வெள்ளையாக இருக்கிறது. சுண்ணாம்பு! மொத்த விஷயமும் இந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைப் பார்த்துச் சும்மா இருக்காது. சில மணி நேரத்தில் சர்க்கரையைத் தின்று மதுவாக்கிவிடும். அதுதான் கள். உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் ஈஸ்ட்டால் வேலை செய்ய முடியாது. சாறு இனிப்பாகவே நிற்கும். அதுதான் பதநீர். அதே மரம், அதே பாளை, அதே கலயம். விரலால் எடுத்துத் தடவும் கொஞ்சம் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவே கோடு போடுகிறது.

பனை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி நீட்டினார் அண்ணாச்சி.

"எம்மா, ரெண்டு கையாலயும் பிடி. ஓரமா வாய வச்சு உறிஞ்சு. டம்ளர்னு நெனச்சு சாய்ச்சியன்னா சட்டையெல்லாம் பதனிதான்."

முதல் வாயில் குளிர்ச்சி. இரவெல்லாம் உச்சிக் காற்றில் இருந்த கலயமாயிற்றே! அடுத்து இனிப்பு. கரும்புச் சாறு போல நாக்கில் ஒட்டாத, இளநீரைவிடக் கொஞ்சம் அழுத்தமான இனிப்பு. விழுங்கிய பிறகு சுண்ணாம்பின் லேசான காரமும், பச்சை ஓலையின் வாசனையும் மிச்சம் இருக்கும். பச்சை ஓலை வாசனை இல்லாமல் ஸ்டீல் டம்ளரில் குடித்தால் பாதி ருசி போச்சு.

இன்னொரு மரத்துப் பதநீரையும் தந்தார். அது வேறு ருசி! இனிப்பு கொஞ்சம் கூடுதல், சுண்ணாம்பு குறைவு. "அது ஆண் பனை, இது பொட்டப் பனை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். மேகம் போட்டா ஒரு ருசி, வெயில் அடிச்சா ஒரு ருசி. சுண்ணாம்பு கூடிட்டா தொண்டை காந்தும், கொறைஞ்சா புளிச்சிரும்." பில்சனிலும் பாம்பெர்க்கிலும் வரிசையாகக் குவளைகளை வைத்து ருசி பார்க்க வைக்கிறார்கள். இங்கே வரிசையாக மரங்கள் நிற்கின்றன.

இரண்டாம் ருசி: அடுப்பு மேட்டில் கூப்பனி

விளையின் ஓரத்தில் ஓலைக் குடிசை. உள்ளே அகலமான அடுப்பு. அதில் பனை மட்டையும் காய்ந்த ஓலையும் எரிகின்றன. அண்ணாச்சியின் மனைவிதான் இந்த இடத்துக்கு ராணி. நாங்கள் போனபோது காலையில் இறங்கிய பதநீரை வடிகட்டிக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார். நேரம் போகப் போக நிறம் மாறுகிறது. தெளிந்த வெள்ளை, பிறகு தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. நுரை பொங்கி அடங்கி, பாகு கெட்டியாகும் ஒரு கட்டம் வருகிறது. அதுதான் கூப்பனி.

ஒரு கரண்டி எடுத்துச் சிரட்டையில் விட்டுத் தந்தார். ஊதி ஊதிச் சாப்பிட வேண்டும். புகையின் வாசனை, கருகுவதற்கு ஒரு நொடி முந்தைய இனிப்பு, கடைசியில் லேசான உப்பு. பாம்பெர்க்கின் புகை பீருக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

"இப்ப விட்டா பாகு. இன்னும் ரெண்டு கிண்டு கிண்டினா கருப்பட்டி. அதுக்கு மேல விட்டா கரி" என்று சிரிக்கிறார் அக்கா. பதம் பார்க்க அவரிடம் வெப்பமானி கிடையாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான். பிறகு வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் பாகை ஊற்றுகிறார். ஆறியதும் கவிழ்த்தால் அரைவட்டக் கருப்பட்டி!

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வேண்டும் என்கிறார். அத்தனை மரம் ஏற வேண்டும், அத்தனை விறகு வேண்டும், அத்தனை நேரம் அடுப்பின் முன் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓலைக் குடிசைக்குள் பத்து நிமிடம் நின்றதற்கே எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. அக்கா தினமும் மணிக்கணக்கில் நிற்கிறார். கடையில் வெல்லப்பாகோ சர்க்கரையோ கலந்த கருப்பட்டி மலிவாகக் கிடைக்கும்போது, இவர்களுடைய கருப்பட்டியைப் பேரம் பேசாமல் வாங்குகிறவர்கள் குறைவு. இந்த மாவட்டத்தின் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரின் பலன் அடுப்படி வரைக்கும் வந்து சேர வேண்டும்.

போப் ஐயரும் கள்ளுண்ணாமையும்

குடிசையிலிருந்து ஊருக்குள் நடந்தால் தேவாலயம், பள்ளி, போப் கல்லூரி என்று ஒவ்வொன்றாக வருகின்றன. கல்லூரி தொடங்கியது 1962-ல். பெயருக்குச் சொந்தக்காரர் ஜி.யு.போப். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820-ல் பிறந்து, 1839-ல் சென்னைக்கு வந்தவர். 1842-ல் சாயர்புரத்துக்கு வந்து இங்கே ஒரு செமினரியைத் தொடங்கினார். 1849 வரை இங்கேதான் இருந்தார். ஒரு சுவாரஸ்யம்... பில்சன் நகரத்தில், இன்று உலகமே குடிக்கும் பொன்னிற 'பில்சனர்' பீர் முதன்முதலாகக் காய்ச்சப்பட்டதும் அதே 1842-ல்தான்!

போப்பின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886-ல் வெளியானது. பிறகு நாலடியாரும் திருவாசகமும். "குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது இல்லையா? தொண்ணூற்று மூன்றாவது அதிகாரம். போப் அதை மொழிபெயர்த்தபோது அவர் மனசுக்குள்ளே இந்தப் பனங்காடு வந்திருக்கும் என்று நான் மாணவர்களிடம் சொல்வேன்" என்கிறார் ஆசிரியர். அது அவருடைய ஊகம்தான். ஆனால், பனை சூழ்ந்த ஊரில் ஏழு ஆண்டு வாழ்ந்தவருக்குக் கள் என்றால் என்ன என்று அகராதி பார்க்க வேண்டியிருந்திருக்காது.

மூன்றாம் ருசி: நுங்கு போட்ட பதநீர்

சாயர்புரத்திலிருந்து பஸ் பிடித்து ஏரல். தாமிரபரணிக் கரையில், சேர்மன் அருணாசல சுவாமி கோயிலால் பெயர்பெற்ற ஊர். ஏரலிலிருந்து கிழக்கே கொற்கைக்குப் போகும் வழியில் காட்சியே மாறிவிடுகிறது. செம்மண் போய், வாழையும் நெல்லும் பச்சைப் பசேல் என்று வருகின்றன. ஆற்றுப் பாசனத்தின் கைவண்ணம். பனைகள் இங்கே வயல் வரப்பில் காவலுக்கு நிற்பதுபோல் வரிசையாக நிற்கின்றன.

சாலையோரம் சைக்கிளில் பானை கட்டி ஒருவர் பதநீர் விற்றார். கூடவே நுங்கு. பட்டையில் பதநீர் ஊற்றி, நுங்கை விரலால் நோண்டிப் போட்டுத் தந்தார். காலையில் குடித்ததற்கும் இதற்கும் நல்ல வித்தியாசம். வெயில் ஏறியதால் இனிப்போடு ஒரு சின்னப் புளிப்பு எட்டிப் பார்க்கிறது. நுங்கின் வழுவழுப்பு அதைச் சரிக்கட்டுகிறது. மாங்காய் கிடைக்கும் பருவத்தில் சிலர் மாங்காய்த் துண்டும் போட்டுத் தருகிறார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குப் பிடிக்கப்போவது இந்த மூன்றாம் ருசிதான்.

கண்ணுக்குத் தெரியாத நகரம்

கொற்கை வந்துவிட்டது என்று ஆசிரியர் சொன்னபோது சுற்றும் முற்றும் பார்த்தோம். வீடுகள், குளம், வாழைத்தோட்டம். கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. பழைய நகரம் எங்கே?

"நீங்க நிக்கிறது அதுமேலதான்!" என்றார்.

பாண்டியர்களின் துறைமுகம் கொற்கை. முத்துக்குப் பேர் போன ஊர். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற பயணக் குறிப்பு இந்த ஊரைக் 'கொல்கை' என்கிறது. முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை ஈடுபடுத்தினார்கள் என்றும் சொல்கிறது. புவியியல் அறிஞர் தாலமியும் இந்த ஊரைக் குறிப்பிடுகிறார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்து 1877-ல் எழுதினார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-ல் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021-ல் மறுபடியும் தோண்டியபோது, துளைகள் கொண்ட 9 அடுக்குச் சுடுமண் குழாய் வெளிப்பட்டது. சங்கை அறுத்து வளையல் செய்த மிச்சங்களும் இந்த ஊர் மண்ணில் கிடைத்திருக்கின்றன.

துறைமுகம் என்கிறோம், கடல் எங்கே? இன்று கடல் இங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், நிலத்தை நீட்டிவிட்டது. கடல் விலகியதும் துறைமுகம் கிழக்கே காயலுக்குப் போனது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து வியந்த 'காயில்' துறைமுகம் இன்றைய பழையகாயல்தான் என்றார் கால்டுவெல். அதுவும் தூர்ந்தது. பிறகு போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய தூத்துக்குடி வந்தது. முத்துக்குளிப்பும் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. கொற்கையைப் பேர்பெற வைத்த கடலும் முத்தும் இன்று இங்கே இல்லை. மிச்சம் இருப்பது மண்ணுக்குள் பானை ஓடுகள், மண்ணுக்கு மேல் பனை.

குளத்தை ஒட்டி வெற்றிவேல் அம்மன் கோயில். கண்ணகிக்கான கோயில் என்று ஊரார் சொல்கிறார்கள். கண்ணகி மதுரையை எரித்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் அவளுக்குப் பலியிட்டு அமைதிப்படுத்தினான் என்கிறது சிலப்பதிகாரம். கொஞ்சம் நடந்தால் வன்னி மரம். உடல் முறுக்கி, சாய்ந்து, பட்டை வெடித்துக் கிடக்கிறது. இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். வயல்களுக்கு நடுவே அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில். 'அக்கசாலை' என்றால் பொற்கொல்லர் பட்டறை, நாணயம் அடிக்கும் இடம் என்று பொருள். பெயரில்தான் நகரம் மிச்சமிருக்கிறது. ஆகவே, பழைய ஊரைப் பார்க்க இங்கே கண் மட்டும் போதாது, கதை சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

ருசிக்க முடியாத நான்காவது

வன்னி மரத்து நிழலில் உட்கார்ந்தபோதுதான் பேச்சு கள் பக்கம் போனது. ஆசிரியர் ஒரு தகவல் சொன்னார். புறநானூற்றில், பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொண்டுவந்த நறுமண மதுவை அருந்தி மகிழ்ந்திருக்க அவனை வாழ்த்துகிறார். முத்து போனது, ஒயின் வந்தது. சங்க இலக்கியம் முழுக்கக் கள்ளும் தேறலும் மணக்கின்றன. பத்துக் குறளில் அதே கள்ளை வேண்டாம் என்றவரும் தமிழர்தான். இந்தச் சண்டை நமக்குப் புதிது இல்லை.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் பீரும் பிராந்தியும் அரசே விற்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளாவில் கள்ளுக்கடை உண்டு. கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் பாட்டிலிலேயே விற்கிறார்கள். 2025 ஜூனில், இதே மாவட்டத்தின் பெரியதாழையில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தியது செய்தியானது.

கள்ளில் இருக்கும் மதுவின் அளவு ஏறக்குறைய பீரின் அளவுதான். பெல்ஜியத்தில் 'லாம்பிக்' என்று ஒரு பீர் இருக்கிறது. ஈஸ்ட்டை வெளியிலிருந்து சேர்க்காமல், காற்றில் இருப்பதே வந்து புளிக்க வைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதை உலகமே கொண்டாடுகிறது. கள்ளும் அப்படித்தான் தானாகப் புளிக்கிறது. அப்படியென்றால் கள்ளை அனுமதித்துவிடலாமா?

அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. "மிஷினுல செய்யறது சரி, மரத்துல வர்றது தப்பா? கள்ளு எறக்க விட்டா எங்க பயலுவ திரும்பி ஏற வருவானுவ."

ஆசிரியர் தலையை ஆட்டுகிறார். "நான் சின்னப் பையனா இருக்கும்போது பார்த்தவன். கூலி வாங்கின கையோட கள்ளுக்கடைக்குப் போனவங்க வீட்டுல ராத்திரி அடுப்பு எரியாது. எங்க தெருவிலேயே அப்படிப் போன வீடுகள் உண்டு. டாஸ்மாக் தப்புன்னா அதை மூடச் சொல்லணும். இன்னொண்ணைத் திறக்கச் சொல்லக் கூடாது."

இரண்டு பேருமே யோசிக்காத மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கிறது. காலையில் அடுப்படியில் அக்கா அதைச் சொல்லியிருந்தார். "கள்ளு வந்துட்டா சுண்ணாம்பு தடவ வேண்டாம், காய்ச்ச வேண்டாம், உடனே காசு. அப்புறம் பதனி யாரு தருவா? நான் எதைக் காய்ச்சுவேன்?" கலயத்தில் விழும் சாறு ஒன்றுதான். அது கள்ளாகப் போனால் கருப்பட்டி ஆகாது. கள்ளின் காசு பனையேறியின் கைக்கு வரும். கருப்பட்டியின் காசு அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கைக்கு வரும். கள்ளுக்கு ஆதரவாகவும் எதிராகவும் மேடையில் பேசுகிறவர்கள், இந்த அடுப்படிக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

சட்டம் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கேள்விக்கு இப்போதே பதில் வேண்டியிருக்கிறது. மரம் ஏற யார் இருக்கிறார்கள்? அண்ணாச்சியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "அவனை ஏறச் சொல்ல எனக்கே மனசு வரலைம்மா. கை வழுக்கிட்டா அவ்வளவுதான். எங்க அப்பா காலத்துல இந்த விளையில ஆளுக்கு ஆள் சத்தம் குடுத்துக்கிட்டே ஏறுவோம். இப்ப சத்தம் குடுத்தா திரும்பக் குடுக்க ஆள் இல்ல."

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. பனை விதை நடும் விழாக்களும் நிறைய நடக்கின்றன. எல்லாம் நல்லதே. ஆனால், இன்று நடும் விதை பாளை விட்டுப் பதநீர் தர பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அன்றைக்கு மரம் இருக்கும். ஏறுவதற்கு இப்போதே இளைஞர்களைத் தயார்செய்ய வேண்டும். பாதுகாப்பான கருவி, விபத்துக் காப்பீடு, கருப்பட்டிக்குக் கட்டுப்படியாகும் விலை. இந்த மூன்றும் இருந்தால் யோசிப்பேன் என்று திருப்பூர் மகன் போனில் சொன்னாராம்.

இங்கேதான் சுற்றுலாவும் கை கொடுக்கலாம். பதநீரைப் பாட்டிலில் அடைத்துச் சென்னைக்கு அனுப்பினால் மரத்தடி ருசி வராது. ஆள்தான் பதநீரைத் தேடி வர வேண்டும். வருகிறவர்கள் ஒரு பட்டை குடித்து, இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கிப் போனாலே, இடைத்தரகர் இல்லாத வருமானம் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும். கொற்கையின் கதையைச் சொல்ல உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கினால் அவர்களுக்கும் ஒரு வேலை. கடலும் முத்தும் விலகிப் போனதை யாராலும் தடுத்திருக்க முடியாது. பனையேற்றம் அப்படி இல்லை. அதைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

நீங்களும் போகலாம்!

* எப்போது: பதநீர் பருவம் மாசியில் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் உச்சம். மழைக்காலத்தில் போனால் கொற்கையைப் பார்க்கலாம், பதநீர் கிடைக்காது.

* எப்படி: தூத்துக்குடியிலிருந்து சாயர்புரம், ஏரலுக்கு பஸ்கள் உண்டு. ஏரலிலிருந்து கொற்கைக்கு ஆட்டோ வசதி. விமானத்தில் வருகிறவர்களுக்கு வாகைக்குளம் விமான நிலையம்.

* நேரம்: காலை ஆறு மணிக்குள் விளையில் இருந்தால் முதல் ருசி. எட்டு, எட்டரைக்குக் கூப்பனி. பதினொரு மணிக்குள் கொற்கை. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.

* ஒழுங்கு: விளைக்குள் போகும் முன் அனுமதி கேளுங்கள். ஆள் மேலே இருக்கும்போது மரத்தடியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அரிவாளும் கலயமும் தவறி விழலாம். கொற்கை வயலில் பானை ஓடு கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

* உடம்பு: பதநீர் இயற்கையானது என்றாலும் அதில் சர்க்கரை நிறைய. சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெயில் ஏறியபின் நுரைத்து, புளிப்பு வாசனை வந்தால் வாங்காதீர்கள்.

* கையோடு: கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி. பக்கத்து ஊரான ஆத்தூரின் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நடைக்கு ஆன்லைன் முன்பதிவு எதுவும் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் நீங்கள் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்பே ஒருவர் மரம் ஏறி இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.